தீர்மான மரத்தில் உணர்திறன் பகுப்பாய்வு செய்யும்போது, சேர்ந்தே ஏறி இறங்கும் மாறிகளை எப்படிக் கையாள்வது?

கம்பஸ் புரொஜெக்டுக்குக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எக்செலில் ஒரு மாறியை மட்டும் கூட்டிக் குறைத்து, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, தீர்மானம் மாறுகிறதா என்று பார்த்திருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன், நட்டம் மாமாவுக்கு.

2022 மே மாதம். இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. இந்த முறை உரம் போடுவதா விடுவதா என்று கேட்டார். தீர்மான மரம் வரைந்தேன்: போடுவது, விடுவது என்று இரண்டு கிளை, ஒவ்வொன்றிலும் மழை நல்லது அல்லது குறைவு, நுனியில் வருமானம். கொழுந்து விலையைப் பழைய மாதத்தில் நிறுத்திவிட்டு உரவிலையை மட்டும் ஏற்றினேன், விடை புரண்டது. "வேண்டாம் மாமா" என்றேன்.

ஆனால் உரவிலையை ஏற்றியதில் பெரிய பங்கு டொலருக்கு. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதம் 350ஐத் தாண்டியிருந்தது. கொழும்பு ஏலத்தில் வாங்குபவர்கள் ஏற்றுமதிக்காரர்கள்தானே, அதனால் தேயிலையும் ரூபாவில் ஏறியது, பின்னாலேயே கொழுந்து விலையும். உரம் போட்ட பக்கத்துக்காரரின் சாக்குகள் கொழுந்து லொறித் தராசில் ஒவ்வொன்றாக ஏறின. மாமா தன் கொழுந்து நிறை எழுதிய துண்டுச்சீட்டை ஒருமுறை பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

டொலரை மரத்தின் முன்பக்கம் ஒரு வாய்ப்புக் கணுவாக, அதாவது நம் கையில் இல்லாதது கிளை பிரியும் இடமாக, வையுங்கள். இரண்டு விலையும் அதிலிருந்து பிறக்கட்டும், அப்புறம் டொலரை அசையுங்கள். மழையும் அப்படித்தான், மலை முழுக்கக் காய்ந்தால் விளைச்சல் குறையும், ஏல விலை ஏறக்கூடும். ஆகவே விலைக் கிளைகளின் நிகழ்தகவை மழைக் கணுவுக்குப் பிறகு, அதை நிபந்தனையாக வைத்து எழுத வேண்டும். பொதுக் காரணம் அகப்படாவிட்டால் இரண்டு மாறிகளையும் ஒரே அட்டவணையில் சேர்த்து அசைத்து, நடக்கவே முடியாத கட்டங்களை வெட்டிவிடுங்கள். மாறிகளுக்கு எழுமாறாக எண்களைப் போட்டு ஆயிரக்கணக்கான முறை கணக்கிடும் மொன்டே கார்லோ ஓட்டினால், அவை எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்ற இணைபையும் கொடுங்கள். சேர்ந்து ஏறும் செலவையும் வருமானத்தையும் தனித்தனியாக விட்டால் இலாபத்தின் வீச்சு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

எல்லாம் டொலர்தான் என்று நான் சொல்லவில்லை. அந்த வருடம் உக்ரைன் யுத்தத்தால் உலகச் சந்தையிலும் உரம் ஏறியது. அந்த மீதியைத் தனி மாறியாக வைத்து அசைக்கலாம், அது பிழையில்லை.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரக் கணிதப் பிரிவே இல்லை. நான் விடிய ஐந்து மணி பஸ்ஸில் வெளியூர் போய்ப் படித்தேன். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு என்னைப் போலவே ஏ எடுத்த பிள்ளை பஸ் காசு இல்லாமல் கலைப்பிரிவுக்குப் போனாள். இந்த மரத்தை அவள் வரைந்திருந்தால் டொலரை முதலிலேயே கண்டிருப்பாள்.