அடகுத் தராசு கழித்துவிடும் கல்

“ஓப்பல் கல் பதித்த நகைகளில் அப்படி என்ன கவர்ச்சி இருக்கிறது, அவற்றின் வரலாறு என்ன, நம்மவர்கள் வாங்கி அணிவது தகுமா?” என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் உள்ள ஒரேயொரு ஓப்பல் நகையை முன்வைத்தே பதில் சொல்கிறேன். நான் கிளிநொச்சிப் பகுதியில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். 2014 இல் மெல்பேர்ணிலிருந்து வந்திருந்த சித்தி, அம்மாவுக்கென்று ஒரு பதக்கம் கொண்டுவந்தார். பெருவிரல் நகமளவு கல். அதைச் சுற்றி மெல்லிய பொன் விளிம்பு. நிழலில் வைத்துப் பார்த்தால் மழைக்கு முந்திய வானம்போல் கருநீலமாக இருக்கும். சற்றே சாய்த்தால் பச்சைக் கீற்றொன்று விரியும். இன்னும் சாய்த்தால், எள்ளளவு சிவப்புப் புள்ளியொன்று ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓடி மறையும்.

அடுத்த ஆண்டு காலபோக விதைப்புக்குப் பணம் தேவைப்பட்டபோது, சங்கிலியோடு இந்தப் பதக்கத்தையும் அம்மா அடகு வைக்கக் கொண்டு சென்றார். மதிப்பிட்டவர் பதக்கத்தைப் புரட்டிப் பார்த்து, நிறுத்து, “கல்லுக்குக் கணக்கில்லை, அம்மா” என்று சொல்லிக் கல்லின் நிறையைக் கழித்து எழுதினார். அது முறையான செயல்தான். வன்னியில் நகை என்றால் அது கழுத்தில் கிடக்கும் சேமிப்பு. பவுண் கணக்கில் நிறுத்து, வேண்டியபோது காசாக்கக்கூடியது. 2009 இல் அம்மா தன் கைக்காப்பு ஒன்றைக் கொடுத்து அரிசியும் பால்மாவும் வாங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆகவே, சேமிப்பாகக் கருதி ஓப்பல் வாங்கலாமா என்பதே உங்கள் கேள்வி என்றால், வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் அந்தக் கல்லைப் பல மாதங்கள் கையில் வைத்துப் பார்த்த பின்பு, காசாக்க முடியாத ஒரு நகையும் ஒரு வீட்டுக்கு வேண்டியதே என்று நினைக்கத் தொடங்கினேன்.

ஓப்பலின் நிறம் சாயத்தால் வருவதன்று. மாணிக்கத்தின் சிவப்புக்குக் குரோமியமும் நீலக்கல்லின் நீலத்துக்கு இரும்பும் தைத்தானியமும் காரணமாகின்றன. ஓப்பலின் வர்ணஜாலத்துக்கு அப்படி எந்த உலோகமும் தேவையில்லை. அது சிலிக்காவும் நீரும் சேர்ந்த ஒரு பொருள். பெரும்பாலும் அதன் நிறையில் 3 முதல் 10 சதவீதம் வரை நீர்தான். அவுஸ்திரேலிய அரச ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த ஜே. வி. சாண்டர்ஸ், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இந்தக் கல்லை ஆராய்ந்து, அதன் உள்ளே ஒரே அளவான சிலிக்காக் கோளங்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதை 1964 இல் வெளியிட்டார். ஒவ்வொரு கோளமும் ஏறத்தாழ 150 முதல் 300 நனோமீற்றர் வரையான விட்டம் கொண்டது. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக வைக்கலாம். இந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி, கோளத்தின் அளவுக்கும் பார்க்கும் கோணத்துக்கும் ஏற்ப நிறம் நிறமாகப் பிரிகிறது. சிறு கோளங்கள் நீலத்தைத் தருகின்றன. சிவப்புக்குப் பெரிய கோளங்கள் வேண்டும், அதனால்தான் சிவப்பு ஓடும் கல் அரிதாகவும் விலை உயர்ந்ததாகவும் இருக்கிறது. வகுப்பில் இதை விளக்க நான் மயிற்பீலியைக் கொண்டு செல்வேன். எங்கள் வயல் வரம்புகளில் அதற்குக் குறைவில்லை. பீலியின் நீலமும் பச்சையும் இதேபோல நுண்ணிய அடுக்குகளில் ஒளி படுவதால் பிறப்பவை. இடித்துத் தூளாக்கினால் அந்த அழகு போய்விடும், கபிலநிறத் தூள்தான் மிஞ்சும்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ‘ஓப்பல்’ என்பது இலத்தீனின் ‘ஒபாலஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதற்கு மூலம் கல் என்று பொருள்படும் ‘உபல’ என்ற சமஸ்கிருதச் சொல்லாக இருக்கலாம் எனச் சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். நம் அகராதிகளிலும் ‘உபலம்’ என்றால் கல்தான். ஆயினும் நவரத்தினங்களில் இதற்கு இடமில்லை. சோதிடர்கள் சுக்கிரனுக்கு வைரத்துக்குப் பதிலாக இதைச் சொல்வதுண்டு. அந்தக் காரணத்துக்காக நான் யாரையும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, மாணிக்கத்தின் நெருப்பும் செவ்வந்திக்கல்லின் ஊதாவும் மரகதத்தின் பச்சையும் ஒரே கல்லில் சேர்ந்து ஒளிர்வதாக ஓப்பலைப் புகழ்ந்தார். இந்தியாவே இதன் தாய்நாடு என்று அவர் நம்பினார்; ஆனால் ரோமுக்குச் சென்ற கற்கள் இன்றைய சுலோவாக்கியாவின் துப்னிக் பகுதியில் கிடைத்தவை என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. அவர் பதிந்து வைத்த நிகழ்வொன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. நோனியஸ் என்ற செனற்றரிடம் 20 இலட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) பெறுமதியான ஓப்பல் மோதிரம் ஒன்று இருந்தது. அதன்மீது ஆசை கொண்ட ரோமானியத் தளபதி மார்க் அந்தோனி அவரை நாடு கடத்தினான். நோனியஸ் வீடு, நிலம், பொருள் அனைத்தையும் விட்டுவிட்டு அந்த மோதிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார். அதைப் பிளினி வியப்போடும் கண்டிப்போடும் எழுதுகிறார். இடம்பெயர்ந்த எங்களுக்கு அதில் கண்டிக்க எதுவுமில்லை. சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த ஏதாவதொரு சிறு பொருளைப் பற்றிச் சொல்ல எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

ஓப்பல் கூடாத கல் என்ற நம்பிக்கை மிகப் பிந்தியது. ஸ்கொட்லாந்து எழுத்தாளர் வால்ற்றர் ஸ்கொட்டின் 1829 ஆம் ஆண்டு நாவலொன்றில், புனித நீர் பட்டு ஓப்பல் ஒளியிழக்க, அதை அணிந்திருந்த பெண்ணும் விரைவில் இறந்துபோகிறாள். ஐரோப்பாவில் அந்த அச்சம் பரவியதற்கு இக்கதை பெரிதும் காரணமென்று சொல்லப்படுகிறது. விக்ரோறியா மகாராணி அதைப் பொருட்படுத்தவில்லை. அவருக்காக இளவரசர் அல்பேர்ட் வடிவமைத்த முடியணி ஒன்றில் ஓப்பல்களே பதிக்கப்பட்டிருந்தன. பின்னர் மகாராணி அலெக்சாந்திரா அவற்றைக் கழற்றிவிட்டு மாணிக்கங்களைப் பதிப்பித்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவுஸ்திரேலியச் சுரங்கங்கள் திறந்தபின் துப்னிக் மங்கியது. 1922 இல் அது மூடப்பட்டது. தென் அவுஸ்திரேலியாவின் கூபர் பீடியில் 1915 இல் பொன் தேடி வந்த ஒரு குழுவினரோடு இருந்த 14 வயதுச் சிறுவன் வில் ஹட்சிசன், தண்ணீர் தேடிச் சென்ற இடத்தில் ஓப்பல் துண்டுகளைக் கண்டெடுத்தான். அங்கு வெயில் அவ்வளவு கொடியது என்பதால் மக்களில் பலர் இன்றும் நிலத்தைக் குடைந்து உள்ளேதான் குடியிருக்கிறார்கள். சித்தியின் பதக்கமும் அந்த ஊர்க் கல் என்று சொல்லியே விற்கப்பட்டது. கறுத்த அடித்தளத்தில் நிறங்கள் கொழுந்துவிடும் கரிய ஓப்பலுக்கு நியூ சவுத் வேல்ஸின் லைற்னிங் ரிட்ஜ் பெயர் பெற்றது. 2008 இலிருந்து எத்தியோப்பியாவின் வோலோப் பகுதிக் கற்களும் சந்தைக்குப் பெருமளவில் வருகின்றன. இவற்றில் பல தண்ணீரை உறிஞ்சி, நிறம் மறைந்து கண்ணாடிபோலாகி, உலர்ந்தபின் மீண்டும் நிறம் காட்டும்.

இனி எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அடகிலிருந்து மீட்டு வந்த நாளில், அம்மா எல்லா நகைகளையும் வழக்கம்போலச் சவர்க்காரத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட்டார். விடிய எடுத்துப் பார்த்தபோது பதக்கக் கல்லின் ஓரத்தில் புகை படிந்ததுபோல ஒரு மங்கல் இருந்தது. பத்தரிடம் கொண்டு சென்றோம். அவர் பொன் விளிம்பை மெல்ல நெம்பிக் கல்லை வெளியே எடுத்துப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார்: மேலே கடதாசி கனத்தில் ஓப்பல், கீழே கறுத்த தகடு, இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்ததுபோல நேர்கோடு. ஒட்டுக் கல். அந்த ஒட்டுக்குள்தான் தண்ணீர் புகுந்திருந்தது. முழுக் கல் என்று சொல்லித்தான் சித்திக்கு விற்றிருந்தார்கள். நாங்கள் அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

ஆகவே, வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதாயினும் சரி, நீங்களே வாங்குவதாயினும் சரி, கல்லைப் பக்கவாட்டில் பாருங்கள். நேர்கோடு தெரிந்தால் ஒட்டு. இயற்கையாகவே இரும்புப் பாறையோடு சேர்ந்து வரும் கல்லில் அந்தச் சந்திப்பு மேடுபள்ளமாக இருக்கும். பின்பக்கம் முழுவதும் மூடியிருந்தால் எழுத்தில் உறுதி கேளுங்கள். நிறத் திட்டுகள் உடும்புத் தோல்போல ஒரே அளவான செதில்களாகத் தெரிந்தால் அது செயற்கைக் கல்லாக இருக்கக்கூடும். ஆய்வுகூடத்தில் ஓப்பலை உருவாக்கும் முறை 1970களிலிருந்தே இருக்கிறது. ஒட்டுக் கல் வாங்குவதில் தவறில்லை, ஒட்டுக் கல்லின் விலைக்கு வாங்கினால்.

மோதிரமாக வாங்குவதைவிடப் பதக்கமாகவோ தோடாகவோ வாங்குவது நல்லது. கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் வைரத்தின் 10 வரை அளக்கும் மோவின் அளவுகோலில் ஓப்பல் 5.5 முதல் 6.5 வரைதான்; குவார்ட்ஸ் 7. எங்கள் வீதிப் புழுதியில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல் என்பதால், மோட்டார் சைக்கிளில் ஒரு வருடம் போய் வந்தாலே மோதிரக் கல் பளபளப்பை இழந்துவிடும். கடும் வெப்பமும் ஆகாது: உள்ளிருக்கும் நீர் விரைந்து வற்றினால், ஆவணியில் குளத்து அடித்தரை பாளம் பாளமாக வெடிப்பதுபோலக் கல்லிலும் நுண்ணிய வெடிப்புகள் விழும். பத்தர் ஊதுவிளக்கைக் கையிலெடுக்குமுன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். ஈரம் பிழிந்த மென்துணியால் துடைத்து, தங்க நகைகளோடு உரசாமல் தனியே ஒரு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அம்மா இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகும்போது வெளியே எடுத்து அணிகிறார். ஓரத்து மங்கல் போகவில்லை. நடுவில் அந்தச் சிவப்புப் புள்ளி இன்னும் ஓடுகிறது.