வாசகர் கேள்வி – பதில்: சான் மக்களோடு சபையின் உறவு

கேள்வி: ஒப்புரவு ஆராதனை வைத்து, தென்னாப்பிரிக்காவின் பூர்வகுடிகளான சான் மக்களை அழைத்து, மேடையில் மன்னிப்புக் கேட்கலாம் என்கிறார்கள் எங்கள் மூப்பர்கள். எப்படித் தொடங்குவது? – வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: மேடை கடைசியில் வரட்டும். முதலில் யாரிடம் போகிறீர்கள்? சான் என்றால் ஒரே கூட்டம் அல்ல. கலஹாரி ஓரத்தில் 1999-இல் நிலத்தை மீட்ட கோமானி மக்கள் பெரும்பாலும் ஆஃப்ரிகான்ஸ் பேசுவார்கள். கிம்பர்லி அருகே பிளாட்ஃபொன்டைனில் வாழும் குன், க்வே மக்கள் அங்கோலா, நமீபியாப் போரில் தென்னாப்பிரிக்க ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, 1990-இல் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரத்தில் சான் வழிவந்த குடும்பங்கள் ஸூலு பேசுகின்றன. உங்களைப் போன்ற டர்பன்காரர்களுக்கு இதுதான் பக்கம். மொழியும் கைவசம் இருக்கிறது. இங்கிருந்தே தொடங்குங்கள்.

2017-இல் சான் மக்களே ஆய்வாளர்களுக்காக ஒரு நெறிமுறை எழுதினார்கள்: மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறைப்படி வருதல். சபைக்கும் அப்படியே பொருந்தும். பலர் தவறுவது ஐந்தாவதில்தான். தெரிந்த ஒருவரைப் பிடித்து நேரே வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது. சான் மன்றத்துக்கோ ஊர்த் தலைமைக்கோ இரண்டு மூன்று மாதம் முன்பே கடிதம் போடுங்கள். வரலாமா, எப்போது, எத்தனை பேர் என்று கேளுங்கள். முதல் தடவை நான்கைந்து பேர் போதும். பேருந்து நிறைய ஆட்கள் இறங்கினால் அது சுற்றுலா. மொழிபெயர்ப்பவருக்கும் சமைப்பவருக்கும் கூலியைப் பேசி முடித்துவிட்டுப் போங்கள். கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். படம் எடுக்க அனுமதி கிடைத்தால், அது எங்கே வெளிவரும் என்றும் சொல்லிவிடுங்கள்.

பழைய துணி மூட்டையும் துண்டுப் பிரசுரமும் வேண்டாம். அவர்களில் பலர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். நீங்கள் போய் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியதில்லை. தனி ஒருவர் கையில் பணமும் கொடுக்காதீர்கள். கோமானி மக்களின் நிலச் சங்கத்தில் நிர்வாகம் சீர்கெட்டு, அரசு தலையிட வேண்டி வந்தது. ஊருக்குள் கோஷ்டி இருக்கும். வெளியாள் பணம் அதைப் பெரிதாக்கும்.

கேள்வி: 1860-இல் கரும்புத் தோட்டத்துக்கு வந்த கூலிகளின் பிள்ளைகள் நாம். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் வீட்டை இழந்தவர்களும் நாம்தான். நாம் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? – வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: நியாயமான கேள்வி. செய்யாத குற்றத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அப்படிக் கேட்கும் மன்னிப்பு அவர்களுக்கும் உதவாது. ஆனால் ஒரு தேதியைக் கவனியுங்கள்: 1913 ஜூன் 19. அதற்குப் பிறகு இனச் சட்டத்தால் பறிபோன நிலத்துக்குத்தான் 1994-ஆம் ஆண்டு நில மீட்புச் சட்டப்படி மனுப் போட முடிந்தது. டர்பனின் கேட்டோ மேனரில் வீடிழந்த இந்தியக் குடும்பங்களுக்கு அந்தக் கதவு திறந்தது. சான் மக்களும், அவர்களைப் போலவே பூர்வகுடிகளான கோய் மக்களும் பெரும்பாலும் அதற்கு ஒன்றிரண்டு நூற்றாண்டு முன்பே நிலத்தை இழந்துவிட்டார்கள். அந்த இழப்புக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ரிக்டர்ஸ்வெல்ட் பகுதியின் கோய் வழி மக்கள் 2003-இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் வென்றார்கள் என்றால், 1913-க்குப் பிறகும் நிலம் அவர்களிடம் இருந்தது என்று நிரூபிக்க முடிந்ததால்தான்.

ஆகவே நம் சபை கேட்க வேண்டிய கேள்வி வேறு: நம் திருச்சபை அமைப்பின் பெயரில் நிலம் எங்கெங்கே இருக்கிறது? எந்த ஆண்டில், யாரிடமிருந்து வந்தது? பத்திர அலுவலகத்தில் ஒவ்வொரு பத்திரமாகப் பின்னோக்கிப் பாருங்கள். அந்தத் தாளோடு போனால் பேச விஷயம் இருக்கும்.

கேள்வி: மன்னிப்புக் கேட்டும் அவர்கள் ஏற்காவிட்டால்? – வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அது அவர்கள் உரிமை. கனடாவின் ஐக்கிய திருச்சபை 1986-இல் சட்பரியில் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டது. 1988-இல் வந்த பதில்: கேட்டதை அறிந்துகொண்டோம், ஏற்றதாகச் சொல்லவில்லை. நினைவாக எழுப்பிய கற்குவியலையும் வேண்டுமென்றே முடிக்காமல் விட்டார்கள். சபை கோபித்துக்கொண்டு போகவில்லை. 1998-இல், பூர்வகுடிப் பிள்ளைகளை வைத்திருந்த உறைவிடப் பள்ளிகளில் நடந்த கொடுமைகளுக்காகத் தனியாக இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டது. நீங்களும் மன்னிப்புக் கடிதம் எழுதுவதற்கு முன்பே அடுத்த ஆண்டுச் சந்திப்புக்கு அவர்களிடம் தேதி கேட்டு, அதைச் சபைக்குழுத் தீர்மானத்திலும் வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதிவிடுங்கள். போதகர் மாறினாலும் அது நிற்கும்.