அப்டேட் போட்டேன், பில்ட் விழுந்துவிட்டது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே கதைதான்: நேற்றுவரை பில்ட் ஆன கோட், கொம்பைலரை (எழுதிய கோட்டைக் கணினியில் ஓடும் புரோகிராமாக்கும் கருவி) புதுப்பித்ததும் நின்றுவிட்டது. திரையை ஃபோனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் பிளேன்ரீ கோப்பை வடிவாகத் தெரிகிறது, எரரைத்தான் காணோம். கடைசி வரி மட்டும் படத்தில் இருக்கிறது: 'மேக்: எரர் 2'. மேலே எங்கேயோ பிழைத்துவிட்டது என்பதற்கு மேல் அந்த வரிக்கு அர்த்தம் கிடையாது. எனக்கு வேண்டியது முதல் எரர். 'மேக் -ஜே8' என்று ஓடவிட்டால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கதைப்பது போல எல்லாம் கலந்து வரும். '-ஜே1' போட்டு, வருவதை ஒரு ஃபைலில் சேமித்து, மேலிருந்து கீழே தேடுங்கள். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் கம்பஸ் கடைசி வருஷம். சீனியர் பட்ச் செய்த நெட்வேர்க் புரொஜெக்ட்டைத்தான் எங்கள் குழு தொடர்கிறது. லப்டொப்பை டெபியன் 12 இலிருந்து 13 க்கு மாற்றினேன். இப்போது 'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஒஃப் ஃபங்ஷன் ஐநெட்_என்டோஏ' என்று எரர். முன்பு இது வெறும் வோர்னிங். நாங்கள் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. டிபக் மோட் போட்டால் முன்பும் செக்மென்டேஷன் ஃபோல்ட் வரும், அதனால் யாரும் அதைப் போடுவதில்லை. அடுத்த கிழமை விவா. (வெள்ளவத்தை)

பதில்: தம்பி, கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த டிபக் மோட் வரிதான் உங்கள் கேள்விக்கு விடை.

டெபியன் லினக்ஸின் 12 ஆம் பதிப்பில், ஜிசிசி என்ற கொம்பைலரின் 12 ஆம் பதிப்பு இருந்தது. 13 இல் ஜிசிசி 14 வருகிறது. அறிவிக்காத ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் வழக்கத்தை சி மொழி 1999 ஆம் ஆண்டின் நியமத்திலேயே நீக்கிவிட்டது. ஜிசிசிதான் பழைய கோட்டுக்கு இரங்கி, வோர்னிங்கோடு கால் நூற்றாண்டு விட்டுவைத்தது. 2024 மே மாதம் வந்த 14 ஆம் பதிப்பு அந்த இரக்கத்தை நிறுத்தியது.

இனி உங்கள் கோட்டில் நடந்ததைப் பாருங்கள். ஐநெட்_என்டோஏ திருப்பித் தருவது ஓர் எழுத்துச் சரத்தின் முகவரி. 64 பிட் கணினியில் முகவரிக்கு 8 பைட் வேண்டும். ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஃபைலான ஹெடரைச் சேர்க்காததால் கொம்பைலருக்கு அது தெரியாது. 'இன்ட் ஒன்றைத்தான் தரும்போல' என்று தானாக ஊகித்து 4 பைட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. முகவரியில் பாதி போய்விட்டது. மிச்சப் பாதியைத் தூக்கிக்கொண்டு பிரின்ட்எஃப் எங்கோ ஒரு வெறுங்காணிக்குப் போய் விழுகிறது. டிபக் மோட்டில் ஐபி முகவரியை அச்சிடும் இடம் அதுதானே? 32 பிட் கணினியில் இன்ட்டும் முகவரியும் 4 பைட்தான், அங்கே இது ஓடியிருக்கும். உங்கள் சீனியர் அப்படியொன்றில் எழுதியிருந்தால் அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

திருத்தம் ஒரே வரி: அந்த ஃபைலின் மேலே 'ஆர்ப்பா/ஐநெட்.எச்' ஹெடரைச் சேருங்கள். இதே எரர் தரும் மற்ற ஃபங்ஷன்களுக்கு 'மேன்' பக்கத்தைத் திறந்தால், எந்த ஹெடர் என்று தொடக்கத்திலேயே இருக்கும். '-எஃப்பெர்மிசிவ்' போட்டால் எரர் மறுபடி வோர்னிங் ஆகும் என்று யாராவது சொல்லித்தருவார்கள். உண்மைதான், ஆகும். டிபக் மோட்டும் பழையபடி விழும். விவாவில் 'ஏன் இது விழுந்தது' என்று கேட்டால் மேலே உள்ளதைச் சொல்லுங்கள், புள்ளி கிடைக்கும்.

கேள்வி: ஒபிஸில் பில்ட் மெஷினை உபுண்டு 18.04 இலிருந்து 22.04 க்கு மாற்றினோம். ஒவ்வொரு ஃபைலும் கொம்பைல் ஆகிறது, லிங்க் செய்யும்போது 'மல்டிப்பிள் டெஃபினிஷன்' என்று 40 இடத்தில் எரர். (தெமட்டகொடை)

பதில்: நீங்கள் ஜிசிசி 7 இலிருந்து 11 க்குத் தாவியிருக்கிறீர்கள். இடையில் 2020 இல் வந்த 10 ஆம் பதிப்பில் மாறிய ஒரு வழமை இது. உங்கள் ஹெடரில் 'இன்ட் கவுன்ட்;' என்று குளோபல் வேரியபிள் இருக்கும். அந்த ஹெடரை 40 ஃபைல் சேர்த்தால் 40 கவுன்ட் பிறக்கிறது. முன்பு லிங்கர் (கொம்பைல் ஆன ஃபைல்களை ஒரே புரோகிராமாக இணைக்கும் கருவி) எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதிச் சேர்த்துக்கொண்டது, இப்போது சேர்ப்பதில்லை. ஹெடரில் 'எக்ஸ்டெர்ன் இன்ட் கவுன்ட்;' என்று மாற்றி, ஒரே ஒரு சி ஃபைலில் உண்மையான வரியை வையுங்கள். இன்றைக்கே ரிலீஸ் என்றால் '-எஃப்கொமன்' போட்டு ஒப்பேற்றலாம், தவறில்லை. ஆனால் ஒரு ஃபைலில் இன்ட் கவுன்ட், இன்னொன்றில் டபிள் கவுன்ட் என்று இருந்தாலும் அந்தப் பழைய முறை சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். பில்லிங் சொஃப்ட்வெயாரில் அப்படி ஒன்றைத் தேடி நான் மூன்று இரவு விழித்திருந்தேன்.

கேள்வி: புதிய ஜி++ (ஜிசிசியின் சி++ கொம்பைலர்) போட்டபின் 'கில்ட் சிக்னல் டேர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்' என்று வருகிறது. கொம்பைலர் பழுதா? 4 ஜிபி ரேம் லப்டொப். (பம்பலப்பிட்டி)

பதில்: கொம்பைலர் பழுதில்லை, ரேம் போதவில்லை. லினக்ஸின் மையமான கேர்னல்தான் அதைக் கொன்றிருக்கிறது. '-ஜே8' ஐ '-ஜே2' ஆக்குங்கள், கொஞ்சம் ஸ்வப் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஓர் இடம்) ஒதுக்குங்கள். புது ரேம் வாங்க யூனிட்டி பிளாசாவுக்கு ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மெஷினில் பில்ட் ஆகி ஓடுகிறது. வாடிக்கையாளரின் சேர்வரில் 'ஜிலிப்சி_2.34 நொட் ஃபவுண்ட்' என்கிறது. அந்த ஃபைலை மட்டும் கொப்பி பண்ணலாமா? (கொள்ளுப்பிட்டி)

பதில்: வேண்டாம். நான் பண்ணியிருக்கிறேன். போயாவுக்கு முதல் நாள் பின்னேரம், கோட்டையில் ஒரு வாடிக்கையாளரின் சேர்வர் அறை. இதே எரர். லப்டொப்பிலிருந்த ஜிலிப்சியின் (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) லிப்சி ஃபைலைச் சேர்வரில் இருந்ததற்கு மேலேயே எழுதிவிட்டேன். அடுத்து 'எல்எஸ்' தட்டினேன், செக்மென்டேஷன் ஃபோல்ட். 'சிபி', அதுவும் ஃபோல்ட். அந்தச் சேர்வரின் ஏறக்குறைய எல்லாக் கட்டளையும் அந்த ஒரு ஃபைலை நம்பித்தான் ஓடுகிறது. பழையதைத் திருப்பி வைக்கக்கூட ஒரு கட்டளை மிஞ்சவில்லை. லைவ் பென்ட்ரைவில் பூட் பண்ணிச் சரிசெய்து வெளியே வர இரவு பத்து தாண்டிவிட்டது. வெளியே ஓட்டோவும் இல்லை.

காரணம் இதுதான்: ஜிலிப்சி பின்னோக்கி இணங்கும், முன்னோக்கி இணங்காது. பழையதில் பில்ட் செய்தது புதியதில் ஓடும், மறுபக்கம் நடக்காது. உபுண்டு 20.04 இல் இருப்பது 2.31, 22.04 இல் 2.35. 'நான் புதிய ஃபங்ஷன் எதையும் பாவிக்கவில்லையே' என்பீர்கள். 2.34 இல் புரோகிராமைத் தொடக்கிவைக்கும் ஃபங்ஷனுக்கே புதிய பதிப்பு எண் கொடுத்துவிட்டார்கள். வெறும் ஹலோ வேர்ல்ட் எழுதினாலும் 2.34 கேட்கும்.

சேர்வரில் 'எல்டிடி --வேர்ஷன்' தட்டி அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர்களிடம் உள்ளவற்றில் மிகப் பழையது எதுவோ, அதன் டொக்கர் கொன்டெய்னருக்குள் (உங்கள் மெஷினிலேயே வேறொரு லினக்ஸ் பதிப்பைத் தனியாக ஓடவிடும் பெட்டி) பில்ட் பண்ணுங்கள். '-ஸ்டட்டிக்-லிப்எஸ்டிடிசி++' சி++ லைப்ரரி பற்றிய இதே மாதிரி எரருக்கு உதவும், ஜிலிப்சிக்கு உதவாது.

கேள்வி: கைரேகை வரவு இயந்திரத்தோடு வந்த லைப்ரரி பழையது, சோர்ஸ் கிடையாது. புதிய ஜி++ இல் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வருகிறது, அந்த வரியில் 'சிஎக்ஸ்எக்ஸ்11' என்று ஒரு சொல்லும் இருக்கிறது. (மருதானை)

பதில்: அந்தச் சொல்லைக் கவனித்தீர்களே, வேலை பாதி முடிந்தது. 2015 இல் ஜிசிசி 5 வந்தபோது சி++ ஸ்ட்ரிங்கின் உள்கட்டமைப்பு மாறியது. உங்கள் லைப்ரரி அதற்கு முந்திய ஸ்ட்ரிங்கை எதிர்பார்க்கிறது. 'ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_யூஸ்_சிஎக்ஸ்எக்ஸ்11_ஏபிஐ' என்ற மெக்ரோவை (முன்னால் ஓர் அண்டர்ஸ்கோர் உண்டு) 0 ஆக்கினால் லிங்க் ஆகும். ஆனால் புரொஜெக்ட் முழுவதையும் அப்படி மாற்றினால் உபுண்டுவின் மற்ற சி++ லைப்ரரிகள் அடுத்த எரரைத் தரும். இயந்திரத்தோடு பேசும் பகுதியை மட்டும் தனி ஷெயார்ட் லைப்ரரியாக அந்த மெக்ரோவோடு கட்டுங்கள். வெளியே ஸ்ட்ரிங்கை விடாமல், சி பாணியில் எழுத்துப் பொயின்டர் மட்டும் கொடுங்கள். இரண்டு உலகமும் முட்டிக்கொள்ளாது. அப்படியே, சோர்ஸ் தரமாட்டேன் என்பவரிடம் வாங்கும்போது எந்தக் கொம்பைலர் என்றாவது கேட்டு எழுதி வாங்குங்கள்.

கேள்வி: சேர், பில்ட் ஆகிறது, ஓடும்போதுதான் பிரச்சினை. '-ஓ0' இல் சரி, '-ஓ2' இல் லொகின் ஃபங்ஷன் முடிந்ததும் சம்பந்தமே இல்லாத இன்னொரு ஃபங்ஷன் தானாக ஓடுகிறது! ஜி++ 7 இல் இப்படி இல்லை. 200 வோர்னிங் வருகிறது, எப்போதும் வருவதுதான். (கொட்டாஞ்சேனை)

பதில்: தங்கச்சி, பேய் பிசாசு இல்லை. லொகின் ஃபங்ஷன் 'பூல்' தருவதாகச் சொல்லியிருப்பீர்கள். ஏதோ ஒரு வழியில் 'ரிட்டேர்ன்' எழுத மறந்திருப்பீர்கள். ஜிசிசி 8 முதல் '-ஓ2' இல் (கோட்டை வேகமாக்கும் நிலை; '-ஓ0' என்றால் அது இல்லை) கொம்பைலர், 'ரிட்டேர்ன் இல்லாமல் இந்த முடிவுக்கு யாரும் வரமாட்டார்கள்' என்று நம்பித் திரும்பிப்போகும் கட்டளையையே எழுதாமல் விடலாம். திரும்ப வழியில்லாததால் ஓட்டம் மெமரியில் அடுத்துள்ள ஃபங்ஷனுக்குள் வழிந்துவிடுகிறது. முந்திய பதிப்பில் ரெஜிஸ்டரில் தற்செயலாகக் கிடந்த எண் 'உண்மை' ஆக இருந்ததால் லொகின் வேலை செய்தது. யோசித்துப் பாருங்கள், தற்செயலாக லொகின்!

அதே 8 ஆம் பதிப்பிலிருந்து சி++ இல் '-டபிள்யூரிட்டேர்ன்-டைப்' தானாகவே வோர்னிங் தருகிறது. உங்கள் 200 இல் அதுவும் ஒன்றாகக் கிடக்கும். அந்த ஒரு வகையை மட்டும் முதலில் எரராக்குங்கள்: '-டபிள்யூஎரர்=ரிட்டேர்ன்-டைப்'. பிறகு '-எஃப்சானிட்டைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்ட்' போட்டு ஓடவிடுங்கள், இதே இனத்தில் வேறு ஏதும் இருந்தால் வரி எண்ணோடு சொல்லும். அதிலும் அகப்படாவிட்டால் '-எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங்' போட்டுப் பாருங்கள். பிரச்சினை மறைந்தால், பொயின்டரை வேறு வகைக்குக் காஸ்ட் செய்த இடத்தில் தேடவேண்டும்.

கேள்வி: சீமேக் 4 போட்டதும் பழைய லைப்ரரி ஒன்று, 3.5 க்குக் குறைந்ததுடன் இணக்கம் நீக்கப்பட்டது என்கிறது. (தெஹிவளை)

பதில்: சீமேக் என்பது பில்ட் ஃபைல்களைத் தயாரித்துத் தரும் கருவி. 2025 மார்ச்சில் வந்த அதன் 4.0 அப்படித்தான். உங்கள் சொந்தக் கோட் என்றால் 'சீமேக்லிஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி' ஃபைலின் முதல் வரியில் உள்ள குறைந்தபட்சப் பதிப்பு எண்ணைக் கூட்டுங்கள். பிறருடையது என்றால் '-டி' யோடு 'சீமேக்_பொலிசி_வேர்ஷன்_மினிமம்=3.5' கொடுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

கேள்வி: எல்லாவற்றையும் அழித்துப் பழைய உபுண்டுவையே போடலாமா? மொபைல் டேட்டாவில்தான் டவுன்லோட் பண்ணவேண்டும். (வத்தளை)

பதில்: டேட்டாவை வீணாக்காதீர்கள். உபுண்டு 24.04 இல் ஜிசிசி 13 க்குப் பக்கத்திலேயே 'ஜிசிசி-12', 'ஜி++-12' இரண்டையும் 'ஏபிடி' மூலம் போடலாம், ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது. பிறகு 'சிசி', 'சிஎக்ஸ்எக்ஸ்' என்ற இரண்டு என்வயர்மென்ட் வேரியபிளையும் அந்த டேர்மினலில் மட்டும் மாற்றுங்கள். 'அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்' போட்டு மெஷின் முழுவதற்கும் மாற்றச் சொல்பவர்கள் உண்டு, நான் சொல்லமாட்டேன். கிராஃபிக்ஸ் டிரைவர் போன்ற கேர்னல் மொட்யூல்களைக் கட்டும்போது கேர்னல் எந்தக் கொம்பைலரில் கட்டப்பட்டதோ அதுவே வேண்டும், அங்கே இடறும்.

மாற்றியதும் பில்ட் ஃபோல்டரை முழுதாக அழியுங்கள். சீமேக் தன் கேஷ் ஃபைலில் பழைய கொம்பைலரின் பாதையை எழுதிவைத்திருக்கிறது, நீங்கள் டேர்மினலில் எதை மாற்றினாலும் அது அந்தப் பாதையிலேயே போகும். 'ஜிசிசி 12 போட்டும் அதே எரர்' என்று இந்த மாதம் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூன்று பேரும் ஃபோல்டரை அழிக்கவில்லை.