கையடக்கக் கருவியில் எத்தனை பிரேம் போதும்? – கேள்வி பதில்

திரையில் ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் (பிரேம்கள்) வருகின்றன என்பதைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை, ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கையடக்கக் கணினியான ஸ்டீம் டெக்கைப் (சுருக்கமாக டெக்) பற்றியவை என்பதால் பதில்களும் அதையே சுற்றி அமைந்துள்ளன. மற்றக் கருவிகளை அவசியமான இடங்களில் மட்டும் தொட்டிருக்கிறேன்.

கேள்வி: நொடிக்கு 60 பிரேமுக்குக் குறைந்தால் அது விளையாட்டே அல்ல என்கிறார் மேசைக் கணினி வைத்திருக்கும் நண்பர். என் டெக்கில் பெரிய விளையாட்டுகள் 30-ஐ ஒட்டியே ஓடுகின்றன. இதை ஏற்கலாமா?

பதில்: 30 சீராக இருக்குமானால் ஏற்கலாம். டெக் விற்பனைக்கு வருவதற்கு முன்பே, 2021-இல், 30 பிரேம் என்பது தங்கள் சோதனையில் விளையாடத்தக்கதற்கான கீழெல்லை என்று வால்வ் நிறுவனத்தார் விளக்கியிருந்தனர். அதை எட்ட வேண்டிய உச்சமாகப் பலர் தவறாகப் படித்ததிலிருந்துதான் இந்த வாதமே தொடங்கியது. உங்கள் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மவுஸைச் சற்றே நகர்த்தியதும் காட்சி திரும்பியாக வேண்டும் என்று கை எதிர்பார்ப்பதால் 30 பிரேமின் தாமதம் அங்கே உடனே உறைக்கும். கட்டைவிரலால் தள்ளும் குச்சியில் காட்சி மெதுவாகவே திரும்புகிறது. 7 அங்குலத் திரையில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே பொருள்கள் தாவும் தூரமும் கண்ணுக்குச் சிறியதாகத் தெரிகிறது. நிண்டெண்டோ ஸ்விட்சில் 2017-இல் வந்த செல்டா விளையாட்டும் 30-ஐ இலக்காகக் கொண்டதுதான். அடர்ந்த காட்டுப் பகுதியில் அதற்கும் கீழே இறங்கியது. அதற்காக அதைக் கீழே வைத்தவர்கள் அதிகம் இல்லை.

கேள்வி: சண்டை விளையாட்டுகளுக்கும் இதே அளவுகோல்தானா?

பதில்: இல்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போன்றவற்றில் ஒவ்வோர் அடியும் தடுப்பும் நொடிக்கு 60 பிரேம் என்ற கணக்கிலேயே வகுக்கப்பட்டிருப்பதால், அங்கே 60-க்குக் கீழே எதையும் ஏற்க வேண்டாம். காட்சித் தரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லோரும் 40 பிரேம் என்கிறார்களே, 30-க்கும் 40-க்கும் வெறும் 10 தானே வித்தியாசம்?

பதில்: பிரேம்களை எண்ணாமல், ஒரு பிரேம் திரையில் நிற்கும் நேரத்தைப் பாருங்கள். 30-இல் அது 33.3 மில்லிநொடி, 60-இல் 16.7 மில்லிநொடி, இவ்விரண்டுக்கும் சரியான நடுப்புள்ளி 25 மில்லிநொடி, அதாவது 40 பிரேம். 60-க்குச் செல்லும் பாதையில் பாதித் தூரத்தை வெறும் 10 பிரேம் கூடுதலாகக் கொடுத்தே கடந்துவிடுகிறீர்கள். ஆனால் திரையும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸில் நிற்கும், அதாவது நொடிக்கு 60 சுற்று புதுப்பிக்கும், திரையில் 40 பிரேம் ஓடினால் ஒரு பிரேம் ஒரு சுற்றும் அடுத்தது இரண்டு சுற்றுமாக மாறி மாறி நின்று காட்சி நொண்டும். எல்சிடி டெக்கில் திரையை 40 ஹெர்ட்ஸுக்கே இறக்கலாம். 2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி டெக்கில் திரை 80 ஹெர்ட்ஸில் ஓடி ஒவ்வொரு பிரேமையும் இருமுறை காட்டும். பிரேம் வரம்பை 40-இல் வைத்தால் இப்போதைய மென்பொருள் இதைத் தானே செய்துகொள்கிறது. கதை சார்ந்த பெரிய விளையாட்டுகளுக்கு இதைவிடச் சிறந்த சமரசம் டெக்கில் இல்லை என்பது என் துணிபு.

கேள்வி: எல்டன் ரிங்கில் சராசரி 45 என்று காட்டுகிறது. ஆனாலும் அவ்வப்போது திக்குகிறது. எண் பொய் சொல்கிறதா?

பதில்: எண் சரிதான், சராசரியிடம் கேட்க வேண்டிய கேள்வி இது அன்று. பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்று பலகையில் இருக்கும். இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி வந்துவிட்டு, பிறகு இருபது நிமிடம் எதுவுமே வராது. சராசரி தவறவில்லை, நின்றவருக்குத்தான் கால் வலிக்கிறது. மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்திச் செயல்திறன் காட்டியின் அளவைக் கூட்டினால் பிரேம் நேரத்துக்கான கோடு ஒன்று தெரியும். அந்தக் கோடு தட்டையாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்; ஊசிபோல் எழும் ஒவ்வொரு முனையும் நீங்கள் உணரும் ஒரு திக்கல்.

திக்கலுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது, ஷேடர் எனப்படும் சிறு நிரல்களை விளையாட்டின் நடுவே தொகுப்பதால் வரும் தாமதம். எல்லா டெக்கிலும் ஒரே வகைச் சில்லு இருப்பதால், அவற்றை முன்கூட்டியே தொகுத்து ஸ்டீம் அனுப்பிவிடுகிறது. அந்தப் பதிவிறக்கத்தைப் பொறுமையின்றித் தவிர்த்துவிடாதீர்கள். எல்டன் ரிங் வந்த புதிதில் விண்டோஸ் கணினிகளிலேயே திக்கியபோது, வால்வின் பொறியாளர்கள் நினைவகக் கையாளுதலைத் திருத்தி டெக்கில் அதை வெகுவாகக் குறைத்தனர். மீதியைப் பொறுத்தவரை, 45-க்கும் 33-க்கும் இடையே ஊசலாட விடுவதைவிட 30-இல் பூட்டிவிடுவது மேல். விளையாட்டுக்குள்ளேயே பிரேம் வரம்பு இருந்தால் அதை முதலில் முயலுங்கள். கருவியின் பிரேம் வரம்பு 30-இல் இருக்கும்போது, பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலான தாமதம் சற்றுக் கூடுவதை நானும் உணர்ந்திருக்கிறேன்.

கேள்வி: டெக்குக்கு ஏற்றது என்று வால்வ் வழங்கும் பச்சைக் குறி இருக்கும் விளையாட்டு எப்படி மோசமாக ஓடலாம்?

பதில்: அந்தக் குறி பொத்தான்கள் இயங்குகின்றனவா, எழுத்து படிக்கும் அளவில் இருக்கிறதா, தொடக்கத்தில் தடங்கல் உண்டா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து வழங்கப்படுகிறது. தொடக்க அமைப்பில் ஓரளவு ஓடுகிறதா என்பது அவற்றுள் ஒன்று மட்டுமே. இறுதிக் கட்டம் வரை 30 நிலைக்கும் என்ற உறுதியை அது தரவில்லை.

கேள்வி: பால்டர்ஸ் கேட் 3 முதல் இரண்டு பகுதிகளில் நன்றாக இருந்தது. மூன்றாம் பகுதியில் ரெசல்யூஷனை (காட்சியின் புள்ளி எண்ணிக்கையை) குறைத்தும் 20-களில் தள்ளாடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ரெசல்யூஷனைக் குறைத்தால் கிராபிக்ஸ் பகுதியின் சுமைதான் குறையும். மூன்றாம் பகுதியின் நகரத்தில் ஏராளமான மாந்தர்கள் ஒரே நேரத்தில் இயங்குவதால் அங்கே மூச்சுத் திணறுவது மையச் செயலி. டெக்கின் செயலியில் இருப்பதோ ஸென் 2 வகையைச் சேர்ந்த நான்கு கோர்கள் (கணிப்பு அலகுகள்) மட்டுமே. கூட்டத்துக்கான அமைப்பை அணைப்பது ஓரளவு உதவும். 2025 செப்டம்பரில் விளையாட்டை உருவாக்கிய லாரியன் நிறுவனம், விண்டோஸ் விளையாட்டுகளை டெக்கில் ஓடவைக்கும் இடைமென்பொருளான புரோட்டான் இல்லாமலே ஓடும் தனிப் பதிப்பை வெளியிட்டது. செயலியின் சுமை அதில் குறைவு என்பதால் முதலில் அதற்கு மாறுங்கள். திருப்பம் வைத்து ஆடும் சண்டைகளில் 25 பிரேமும் ஆட்டத்தைக் கெடுக்காது என்றாலும், தெருக்களில் நடக்கும்போது எரிச்சலூட்டும். பொறுக்க முடியவில்லை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

கேள்வி: 1080பி திரை கொண்ட, ஏசஸ் நிறுவனத்தின் கையடக்கக் கருவியான ராக் அலை (ROG Ally) வாங்கினால் இந்தத் தொல்லைகள் தீருமா?

பதில்: சில தீரும். சில்லு வலிமையானது, திரையின் புதுப்பிப்பு வேகம் பிரேமுக்கேற்ப மாறிக்கொள்ளும் வசதி இருப்பதால், திரை ஈடுகொடுக்கும் வரம்புக்குள் நிகழும் 50-க்கும் 60-க்கும் இடையிலான ஊசலாட்டம் கண்ணுக்கு உறுத்தாது. ஆனால் 1080பி-யில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். டெக்கின் 1280×800 திரையில் 10.2 லட்சம். இருமடங்கு வேலை கொடுத்துவிட்டு இருமடங்கு பிரேமையும் எதிர்பார்க்க இயலாது. பலர் அதிலும் 720பி-க்கு இறக்கித்தான் விளையாடுகிறார்கள்.

கேள்வி: பேட்டரிக்காகச் செயல்திறனை விட்டுக்கொடுப்பது சரியா?

பதில்: கையடக்கக் கருவி தோன்றிய நாள் தொட்டு அதுதான் நடக்கிறது. சோனி பிஎஸ்பி-யின் செயலி 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடவல்லது. எனினும் 2007-இல் வந்த மென்பொருள் மேம்பாடு வரை விளையாட்டுகளுக்கு 222 மட்டுமே வழங்கப்பட்டது. எல்சிடி டெக்கின் பேட்டரி 40 வாட்-மணி. சில்லு தன் உச்சமான 15 வாட்டை எடுக்கும்போது திரையும் பிறவும் சேர்ந்து மொத்தச் செலவு 20 வாட்டைத் தாண்டிவிடும். இரண்டு மணி நேரம்கூட நிற்காது. ஸ்டார்டியூ வேலி போன்ற எளிய விளையாட்டுக்குச் சில்லின் வரம்பை 4 அல்லது 5 வாட்டில் வைத்தாலும் 60 பிரேம் குறையாது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி அமைப்பைச் சேமிக்கும் வசதி இருப்பதால் ஒருமுறை செய்தால் போதும்.

கேள்வி: வேலூரில் மே மாதப் பிற்பகலில் மட்டும் பிரேம் விழுகிறது. பிரமையா?

பதில்: பிரமை அல்ல. 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில்தான் டெக் முழுத்திறனுடன் இயங்கும் என்றும், அதற்கு மேல் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கக்கூடும் என்றும் வால்வே அறிவித்திருக்கிறது. உங்கள் ஊரில் மே மாதம் 40 டிகிரி சாதாரணம். மின்விசிறிக்கடியில் அமர்ந்து, மேல்விளிம்பின் காற்றுத்துளைகளையும் பின்புறத்தையும் மறைக்காமல், பிரேம் வரம்பை 30-இல் வைத்து விளையாடுங்கள். அல்லது இரவுக்குத் தள்ளிவையுங்கள்.

கேள்வி: வாங்குவதற்கு முன் ஒரு விளையாட்டு என் பொறுமைக்குள் அடங்குமா என்று எப்படி அறிவது?

பதில்: வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த நேரத்தை அறிமுகக் குகையிலும் பாத்திர அலங்காரத்திலும் செலவிட்டுவிடாமல், நேராகத் திறந்தவெளிக்கோ ஊருக்கோ சென்று காட்சியை நாற்புறமும் சுழற்றி, பிரேம் நேரக் கோட்டைப் பாருங்கள். பால்டர்ஸ் கேட் 3 போலக் கடினமான பகுதி பிற்பாதியில் இருக்கும் விளையாட்டுகளுக்கு இவ்வழி உதவாது. அவற்றுக்கு, பிற்பகுதி வரை ஆடியவர் டெக்கிலேயே பதிவுசெய்த காணொளியைத் தேடிப் பார்த்த பிறகு வாங்குங்கள்.