சோவியத் இல்-2 விமான மாதிரியைத் துல்லியமாகச் செய்ய எந்தப் பச்சை நிறம் சரியானது?

இல்-2 என்பது இரண்டாம் உலகப் போரில் தரையிலுள்ள படைகளைத் தாக்கிய விமானம். 1/48 அளவில் அதன் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டு, நான்கு பச்சைப் பெயிண்ட் புட்டிகளை முன்னால் வைத்துக்கொண்டு குழம்பி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எந்தப் பெட்டி, எந்த ஆண்டு விமானம் என்று கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. ஆனாலும் பச்சையைப் பற்றி மட்டும் கேட்கிறவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே படியில்தான் நின்றேன்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பச்சையின் பெயர் ஏஎம்டி-4. 1941-இல் சோவியத் நாட்டில் போர் தொடங்கியபின் முதல் இரண்டு ஆண்டுகளில் மேல்புறம் இந்தப் பச்சையும் ஏஎம்டி-6 கறுப்பும், அடிப்புறம் ஏஎம்டி-7 வெளிர்நீலமும். 1943 ஜூலையில் வந்த ஆணைக்குப் பிறகு மேல்புறத்தில் மூன்று நிறங்கள்: வெளிர்பழுப்பு, அதே பச்சை, கருஞ்சாம்பல். பனிக்காலத்தில் இவற்றின் மேல் கழுவினால் போய்விடும் வெள்ளை. நிறங்களின் எண்களை நெட்டுருவாக வைத்திருப்பவர்கள் இதற்குக் கீழே வந்து, உலோகப் பாகங்களுக்கு வேறு வகைப் பெயிண்ட் பூசினார்களே என்று சொல்வார்கள். உண்மைதான். மரத்துக்கு ஒரு வகை, உலோகத்துக்கு இன்னொரு வகை. அந்த வேறுபாட்டில்தான் என் பதிலே இருக்கிறது.

இல்-2 ஒரே பொருளால் ஆன விமானம் அல்ல. இஞ்சினில் தொடங்கி விமானிக்குப் பின்னால் வரை இருப்பது எஃகுக் கவசம். 4 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன், ஏறத்தாழ 700 கிலோ எடை. மற்ற விமானங்களில் எலும்புக்கூட்டின் மேல் கவசத் தகட்டைத் திருகுவார்கள். இதை வடிவமைத்த இல்யூஷின் அந்தக் கவசத்தையே விமானத்தின் உடலாக வைத்தார். அதற்குப் பின்னால் வால் வரை பிர்ச் மரத்தின் மெல்லிய சீவல்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த கூடு. இறக்கையின் நடுப்பகுதி அலுமினியக் கலவை. வெளிப்பகுதி தொடக்கத்தில் உலோகம். அலுமினியத் தட்டுப்பாடு வந்தபின் பல விமானங்களில் அதுவும் மரமாகிவிட்டது. இவ்வளவும் ஒரே விமானத்தில். இதை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் எந்தப் பச்சையைப் பூசினாலும், கையில் கிடைப்பது பச்சை பூசிய பிளாஸ்டிக்தான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. அவர் விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை. நாற்பது ஆண்டு தச்சுப் பட்டறை வைத்திருந்தவர்.

என் முதல் இல்-2 மாதிரியை ஏழு மாதம் செய்தேன். பின்னால் சுடுநர் அமரும் இருவர் விமானம், நேர் இறக்கை, 1943 தொடக்கம். இறக்கை நுனியிலிருந்து நுனி வரை உண்மையான விமானம் 14.6 மீட்டர். 48-ஆல் வகுத்தால் 304 மில்லிமீட்டர். காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்து அளந்தேன், சரியாக இருந்தது. விமானத்தைப் பழையதாகக் காட்ட, இறக்கை விளிம்புகளிலும் வாலிலும் ஊசிமுனைத் தூரிகையால் வெள்ளி நிறப் புள்ளிகளை வைத்தேன். பெயிண்ட் பெயர்ந்து அடியிலுள்ள தகடு தெரிவது போன்ற தோற்றம். அந்த வேலைக்கு மட்டும் மூன்று இரவுகள். நண்பர்கள் அத்தனை பேரும் அதைத்தான் பாராட்டினார்கள்.

அப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இந்த இறக்கை எதில் செய்தது?" என்று கேட்டார்.

"வெளி இறக்கை மரம் அப்பா. அலுமினியம் கிடைக்காத காலம். பின்னுடலும் மரம்தான்" என்றேன், பெருமையாக.

"மரமா? அப்படியென்றால் பெயிண்ட் போன இடத்தில் தகடு தெரிகிறதே, அது எங்கிருந்து வந்தது தம்பி?"

எனக்கு வாய் எழவில்லை. அவர் பட்டறைக்குப் போய், கழித்துப்போட்ட பழைய ஜன்னல் கதவுத் துண்டு ஒன்றை எடுத்து வந்து என் மேசைமேல் வைத்தார். கை படும் விளிம்பில் பெயிண்ட் மெலிந்து, அதற்குக் கீழே லப்பம் வெளுத்துத் தெரிந்து, அதற்கும் கீழே மரம் தேன் நிறத்தில் எட்டிப்பார்த்தது. எங்கும் புள்ளி புள்ளியாக இல்லை. ஒரு நிறம் அடுத்த நிறத்துக்குள் கரைந்து போயிருந்தது. "தகட்டில் பெயிண்ட் சில்லாகப் பெயரும். மரத்தில் தேயும். தண்ணீர் இறங்கினால் உப்பும். எது எப்படி அழியும் என்று தெரியாமல் பழசாக்க முடியாது" என்றார்.

பிறகு வாலைத் தடவிப் பார்த்தார். அங்கே வரிசை வரிசையாக ரிவெட் புள்ளிகள், அதாவது உலோகத் தகடுகளை இணைக்கும் ஆணிகளின் தலைகள். அவை பெட்டியில் வந்த பிளாஸ்டிக்கிலேயே இருந்தவை. "ஒட்டுப்பலகைக் கூட்டில் இது எதற்கு?" என்றார். அந்த நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர்களுடைய வேறு பெட்டிகளில் நல்ல வேலை இருக்கிறது. ஆனால் அந்த வால் தவறு. அன்று இரவே லப்பத்துக்குப் பதிலாக, மாதிரிகளில் பள்ளம் நிரப்பும் பசையைத் தடவி, மறுநாள் 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, அத்தனை புள்ளிகளையும் மறைத்தேன். வால் முட்டை ஓடு போல வழவழவென்று வந்ததும்தான் அது மரம் போலத் தெரிந்தது.

பெட்டியில் இருப்பதை அப்படியே ஒட்டி, பிடித்த நிறத்தைப் பூசி மகிழ்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அது அவர்கள் வீடு, அவர்கள் மேசை. நீங்கள் "துல்லியமாக" என்ற சொல்லைப் போட்டுக் கேட்டதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். பொம்மைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது.

அந்த மரக் கூட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. போர்க்களத்தில் சில விமானங்களின் பின்னுடல் பலம் போதாமல் முறிந்தது. 1941 இறுதியில் ஜெர்மன் படை நெருங்கியபோது இல்-2 செய்துகொண்டிருந்த வரனேஷ் நகர ஆலையைப் பெயர்த்து, குயிபிஷெவுக்கு, அதாவது இன்றைய சமாராவுக்கு, கொண்டுபோனார்கள். கூரை முழுதாக வேயாத கட்டடத்தில், ரஷ்யக் குளிரில் வேலை நடந்தது. விமானங்கள் போதிய அளவில் வரவில்லை என்று டிசம்பரில் ஆலைத் தலைவர்களுக்கு ஸ்டாலினிடமிருந்து தந்தி. செஞ்சேனைக்கு இல்-2 காற்றைப் போல, ரொட்டியைப் போலத் தேவை என்று அதில் இருந்தது. அவ்வளவு அவசரத்தில் ஒட்டிய மரம் எல்லா இடத்திலும் ஒரே உறுதியோடு இருக்க முடியாது. அதற்காகப் பின்னுடலின் வெளிப்பக்கத்தில் நான்கு உலோகப் பட்டைகளை வைத்து இறுக்கினார்கள். "விரிசல் விட்ட கட்டில் சட்டத்துக்கு இரும்புப் பட்டை அடிக்கிற மாதிரி" என்று அப்பா உடனே புரிந்துகொண்டார். கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டையில் அந்த நான்கையும் வெட்டி ஒட்டினேன். உங்கள் பெட்டியில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். நீங்கள் செய்யும் விமானத்தின் புகைப்படத்தில் இருந்து, பெட்டியில் இல்லாவிட்டால் சேர்த்துவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், வேறு எங்கே சொல்வது? இந்த விமானத்தை நான் முதலில் பார்த்தது என் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் அட்டையில். வழவழப்பான தாளில் வந்த சோவியத் இதழ்களைக் கிழித்துத்தான் அப்போது எல்லா வீடுகளிலும் நோட்டுக்கு அட்டை போட்டோம். பீடத்தின் மேல் மூக்கைத் தூக்கி நின்ற கூன்முதுகு விமானம். அந்த இதழ்களும், தமிழில் மலிவு விலைக்கு வந்த சோவியத் புத்தகங்களும் எங்கள் ஊர் நூலகம் ஒன்றில் இரண்டு அலமாரி நிறைய இருந்தன. பிர்ச் என்ற மரத்தின் பெயரை நான் கற்றதே அவற்றில்தான். வேலைக்குப் போனபின் ஒரு விடுமுறையில் தேடிப் போனால் அலமாரிகளே இல்லை. "இடம் அடைத்துக்கொண்டு கிடந்தது சார், எடைக்குப் போட்டுவிட்டோம்" என்றார் அங்கிருந்தவர். கிலோ கணக்கில்! யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு பட்டியல்கூட எழுதி வைக்கவில்லை. அந்த நாட்டின் அரசியலை நான் இங்கே தூக்கிப்பிடிக்கவில்லை. தமிழில் உழைத்து மொழிபெயர்த்த புத்தகங்கள் கடலை மடிக்கப் போனதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

சரி, விமானத்துக்கு வருகிறேன். நிறத்தைவிட நான் அதிகம் உழைத்த இடம் பின்னால் இருக்கும் சுடுநரின் இருக்கை. 1939 அக்டோபர் 2 அன்று முதலில் பறந்த சோதனை விமானம் இருவருக்கானது. பிறகு பின்னிருக்கையை எடுத்துவிட்டு ஒருவர் விமானமாகத்தான் தயாரிப்புக்கு அனுப்பினார்கள். பின்னாலிருந்து பாய்ந்த ஜெர்மன் போர்விமானங்களுக்கு அவை கொத்துக் கொத்தாகப் பலியாயின. படைப்பிரிவுகளிலேயே சிலர் விமானியின் முதுகுக்குப் பின்னால் ஓட்டை வெட்டி, துப்பாக்கியைப் பொருத்தி ஆளை உட்கார வைத்தார்கள். 1942 இறுதியில் ஆலையிலிருந்தே இருவர் விமானம் வரத் தொடங்கியது. ஆனால் கவசப் பெட்டியின் அளவு அப்படியேதான் இருந்தது. விமானி அதற்குள்ளே, சுடுநர் அதற்கு வெளியே, மரக் கூட்டுக்குள். அவருக்கு ஒழுங்கான நாற்காலிகூடக் கிடையாது. குறுக்கே கட்டிய கித்தான் பட்டை ஒன்று. அதில் உட்கார்ந்துதான் 12.7 மில்லிமீட்டர் துப்பாக்கியைச் சுழற்ற வேண்டும்.

என் பெட்டியில் அந்தப் பட்டை பலகை போல விறைப்பாக வந்திருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. தேநீர்ப் பையின் தாளை 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, இரண்டு முனைகளையும் பக்கச் சுவரில் ஒட்டினேன். ஈரம் காய்வதற்குள் பேனா மூடியின் முனையை நடுவில் வைத்து, ஆள் உட்கார்ந்து எழுந்த தொய்வு விழும்வரை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். காய்ந்தபின் தாளின் இழை, நெய்த துணியின் இழை போலவே தெரிந்தது. மேலே துப்பாக்கியைப் பொருத்தியதும் அதில் பாதி மறைந்துவிட்டது. பரவாயில்லை.

போர் விமானத்தை அழகுபடுத்துகிறாயே என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆன்னா யெகோரொவா என்ற பெண் இல்-2 ஓட்டினார். பின்னால் துப்பாக்கியோடு இருந்தவரும் பெண்தான், நஸார்கினா. 1944 ஆகஸ்டில் வார்சாவுக்குத் தெற்கே அவர்கள் விமானம் வீழ்ந்தது. யெகோரொவா தீக்காயங்களோடு பிடிபட்டு உயிர் பிழைத்தார், 1965-இல் சோவியத் வீராங்கனைப் பட்டம் பெற்றார். நஸார்கினா பிழைக்கவில்லை. அந்தக் கித்தான் பட்டையை ஒழுங்காகச் செய்வதை அழகுபடுத்துவது என்று நான் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த இல்-10 விமானத்தில்தான் சுடுநரையும் கவசத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

உங்களுக்கு நடைமுறையில் உதவக்கூடிய சில. கவசப் பகுதியில் பெயிண்ட் பெயர்ந்தால் கருத்த எஃகு தெரியட்டும், மினுக்கும் வெள்ளி வேண்டாம். வெள்ளியை இறக்கையின் உலோக நடுப்பகுதியில், விமானி காலை வைத்து ஏறும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வையுங்கள். நம் ஊர் ஐப்பசி மழையில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடிக்காதீர்கள், ஈரத்தில் வெண்புகை போலப் பூத்துவிடும். என் இரண்டாவது மாதிரி அப்படித்தான் வீணானது. பச்சையும் கறுப்பும் சந்திக்கும் கோட்டைக் கத்தியால் வெட்டியது போல விடாமல், பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷில் காற்றைக் குறைத்துச் சற்றுக் கலங்கலாக விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியைத் திறந்து வெளி இறக்கையின் முன்விளிம்பில் அளவுகோலை வையுங்கள். சுடுநரும் துப்பாக்கியும் ஏறியபின் எடை பின்னால் போய்விட்டதால், பிற்கால விமானங்களில் அந்த விளிம்பை நன்றாகப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். ரஷ்யர்கள் அதை அம்பு இறக்கை என்பார்கள். உங்களுடையது அம்பு இறக்கையா, பழைய இறக்கையா, ஒருவர் விமானமா, இருவர் விமானமா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள். இரண்டு நிறமா மூன்று நிறமா என்பதை அதன்பின் சொல்கிறேன்.