ரெனின் குறைந்ததற்கு மாத்திரையே காரணமாக இருக்கலாம்

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனையில் ரெனின் (பிரஷரை ஏற்ற உதவும் சிறுநீரகச் சுரப்பு) மிகக் குறைவு, அட்ரீனலில் (சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி) கட்டியோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். சரி, ரத்தம் கொடுத்த வாரத்தில் பிரஷருக்கு அட்டெனலாலும் முழங்கால் வலிக்கு ஐபுபுரூஃபனும் சாப்பிட்டார் என்கிறீர்களே, முதலில் அதைப் பாருங்கள். சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் கொண்டுபோகும் குட்டித் தமனியின் சுவரில் உள்ள செல்கள்தான் ரெனினை விடுகின்றன. அட்ரினலின் வகை ஹார்மோன்கள் பீட்டா-1 ஏற்பி (செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்) வழியாகவும், கொழுப்பமிலத்திலிருந்து உருவாகும் புரோஸ்டாகிளாண்டின்கள் தங்கள் ஏற்பி வழியாகவும் அந்தச் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறைக் கூட்டி ரெனினை வெளியே வரவைக்கின்றன. அட்டெனலால் முதல் வழியை அடைக்கிறது, ஐபுபுரூஃபன் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே குறைக்கிறது. அப்புறம் ரெனின் எங்கே ஏறும்? அட்ரீனல் கோளாறைச் சந்தேகிக்கப் பார்க்கும் ஆல்டோஸ்டிரோன்-ரெனின் விகிதமும் (ஆல்டோஸ்டிரோன் அட்ரீனல் சுரக்கும் ஹார்மோன்) பொய்யாகக் கூடித் தெரியலாம். மாத்திரை அட்டைகளை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள், எதை எத்தனை நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுப்பது என்று அவர் சொல்லட்டும். அட்டெனலாலை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், படபடப்பும் பிரஷரும் எகிறிவிடும்.