மீளாய்வுக் குழுவுக்கு மூடிலை எப்படிக் காட்டுவது?

கேள்வி: மட்டக்களப்பில், வளாகத்தில் முழுநேரமாகப் படிக்காதவர்களுக்கான வெளிவாரிப் பட்டநெறி ஒன்றை ஒருங்கிணைக்கிறேன். பாடங்களில் பாதிக்கு மேல் இணையவழிதான்: மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளம், சூம், கொஞ்சம் வாட்ஸ்அப். பட்டநெறியின் தரத்தைப் பார்க்க விரைவில் மீளாய்வுக் குழு வருகிறது. எல்லாவற்றையும் அச்செடுத்துக் கோப்புகளில் அடுக்குங்கள் என்கிறார்கள் மூத்தவர்கள். ஒரு லொகின் கொடுத்தால் போதும் என்கிறார்கள் இளையவர்கள். எது சரி?

பதில்: இரண்டுமே போதாது. அச்செடுத்த பக்கத்தில் காணொளி ஓடாது. மாணவர் எப்போது கேட்டார், விரிவுரையாளர் எப்போது பதில் சொன்னார் என்பதையும் பார்க்க முடியாது. சும்மா ஒரு லொகினை நீட்டினாலோ, சில நாள்களில் முழுப் பட்டநெறியையும் பார்த்து முடிக்க வேண்டியவர்கள் பாடப் பக்கங்களுக்குள் வழி தேடிக்கொண்டிருப்பார்கள்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2015ஆம் ஆண்டுக் கைநூல் உள்வாரிப் பட்டநெறிகளை எட்டு அளவுகோல்களில் பார்க்கிறது. ஒவ்வொன்றின் கீழும் வரும் நியமங்களுக்கு 0 முதல் 3 வரை புள்ளி. வெளிவாரிக்குத் தனிக் கைநூல் உண்டு. எதுவானாலும் குழு கேட்கப்போவது, சுய மதிப்பீட்டு அறிக்கையில் நீங்கள் எழுதியதற்குச் சான்று எங்கே என்றுதான். ஆகவே வேலையை மூடிலில் தொடங்காதீர்கள், அந்த அறிக்கையில் தொடங்குங்கள். ‘மாணவருக்கு உரிய நேரத்தில் பின்னூட்டம் வழங்கப்படுகிறது’ என்று ஒரு வரி இருக்கிறதா? அதற்கு நேரே மூடிலின் முகப்பு லிங்கைப் போட்டுப் பயனில்லை. ஓர் ஒப்படையும் அதன்மேல் விரிவுரையாளர் எழுதிய குறிப்பும் திகதியோடு தெரியும் பக்கத்தின் லிங்கைப் போடுங்கள். இப்படி வரிக்கு வரி லிங்க் வைத்த ஒரு தாள் இருந்தால், அச்செடுக்க நினைத்த கோப்புகளில் முக்கால்வாசி தேவைப்படாது.

இனி லொகின். பலர் ‘விருந்தினர்’ அணுகலைக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் குறிப்புகளைப் பார்க்கலாம், ஆனால் மாணவர் ஒப்படைத்தவையோ வினாவிடை முயற்சிகளோ தெரியாது. குழு பார்க்க விரும்புவதே அவற்றைத்தான். மறுபக்கம், விரிவுரையாளர் உரிமையைக் கொடுத்தால் தவறுதலாக ஒரு புள்ளியை மாற்றிவிடவும் முடியும். உங்கள் மூடில் நிர்வாகியிடம் சொல்லி, திருத்தும் உரிமை இல்லாத ஆசிரியர் வகிபாகத்தை (Non-editing teacher role) நகலெடுத்து, புள்ளியிடுவதையும் பதிவிடுவதையும் அதிலிருந்து நீக்கி, ‘மீளாய்வாளர்’ என்ற பெயரில் ஒரு வகிபாகம் செய்யச் சொல்லுங்கள். செய்த பிறகு வளாக வைஃபையில் சோதிக்காதீர்கள். வீட்டிலிருந்து, உங்கள் போன் டேட்டாவில் நுழைந்து ஒவ்வொரு லிங்கையும் அழுத்திப் பாருங்கள். உள்ளே திறப்பதெல்லாம் வெளியே திறக்கும் என்றில்லை. பழைய சூம் பதிவுகளின் லிங்குகள் பாதி செத்துப்போயிருக்கவும் கூடும்.

எந்தப் பாடத்தைக் காட்டுவது? இப்போது நடந்துகொண்டிருப்பதை அல்ல, முடிந்துபோன அரையாண்டின் பாடங்களை. தொடக்கம், ஒப்படை, பின்னூட்டம், பரீட்சை எல்லாம் அங்கேதான் முழுமையாக இருக்கும். இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. புதிய அணி வந்ததும் அதே பாடப் பக்கத்தை ‘ரீசெட்’ செய்து திரும்பப் பயன்படுத்துவது நமது பக்கம் வழக்கம். ரீசெட் செய்தால் முன்னைய அணியின் ஒப்படைகளும் மன்றப் பதிவுகளும் போய்விடும். உங்கள் பாடங்களுக்கு அப்படி ஆகியிருந்தால், பயனர் தரவோடு எடுத்த பேக்கப் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இருந்தால் அதைத் தனிப் பாடமாக மீட்டெடுத்துக் காட்டலாம். இல்லாவிட்டால் இல்லை என்றே குழுவிடம் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் உட்கார்ந்து மன்றத்தில் கேள்வியும் பதிலும் எழுதி நிரப்பும் யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பதிவின் திகதியும் நேரமும் அங்கேயே நிற்கும். மாணவர்களையும் குழு தனியாகச் சந்தித்துப் பேசும்.

மீளாய்வாளர்கள் மனக்கணக்காகப் போட்டுப் பார்ப்பது ஒன்று உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளிக்கு (கிரெடிட்) 50 மணி நேரக் கற்றல். மூன்று திறமைப்புள்ளிப் பாடம் என்றால் 150 மணி. உங்கள் பக்கத்தில் பதினைந்து சூம் வகுப்பும் பன்னிரண்டு பிடிஎப்பும் மட்டும் இருந்தால், மிச்ச நேரத்தில் மாணவர் என்ன செய்தார் என்ற கேள்வி வரத்தான் செய்யும். வாசிப்பு, செயற்பாடு, ஒப்படை எல்லாவற்றுக்கும் எதிர்பார்க்கும் மணி நேரத்தை எழுதிய ஒரு வாராந்தத் திட்டம் பாட முகப்பில் இருக்கட்டும். குறிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது இதற்கு விடை அல்ல. என்னைக் கேட்டால், நல்ல பாடப் பக்கங்களில் கோப்புகள் குறைவாகத்தான் இருக்கும்.

அப்புறம் மொழி. தமிழ்மொழி மூலப் பாடங்கள் என்றால், குழுவில் எல்லோருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று எண்ண வேண்டாம். எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவும் வேண்டாம், அது வீண் பாடு. பாடத்துக்கு ஒரு பக்கம் ஆங்கிலத்தில் போதும்: கற்றல் பேறுகள், வாராந்தத் தலைப்புகள், எந்த ஒப்படை எந்தப் பேற்றை அளக்கிறது என்பது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய வேர்ட் கோப்புகளைத் தேடிப் பிடித்து பிடிஎப் ஆக்குங்கள். அந்த எழுத்துரு இல்லாத மடிக்கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தமிழ் தெரிந்தவருக்கும் வாசிக்க முடியாது.

வாட்ஸ்அப்பைப் பற்றித் தயங்குவீர்கள் என்று நினைக்கிறேன். மறைக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் சிக்னல் ஒரு கோடு வந்து போகும் இடத்திலிருந்து படிக்கும் மாணவருக்குக் குரல் பதிவாக விளக்கம் அனுப்பியிருந்தால், அது மாணவர் ஆதரவுக்கு நல்ல சான்று. பெயரையும் எண்ணையும் மறைத்த நாலைந்து ஸ்கிரீன்ஷாட்டுகள், திகதி தெரியும்படி, போதும். ஆனால் ஒப்படையின் கடைசித் திகதியோ புள்ளி விவரமோ வாட்ஸ்அப்பில் மட்டும் இருந்தால் அது குறைதான். இந்த அரையாண்டிலிருந்தே அவற்றை மூடிலுக்கு மாற்றுங்கள்.

மாணவர் தரவு விடயத்தில் கவனம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், மாணவரின் பெயர், அடையாள அட்டை எண், புள்ளி எல்லாம் உள்ள எக்செல் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். மாதிரி விடைத்தாள்களில் சுட்டெண்ணையும் மறைத்து, உயர், நடு, குறை என மூன்று தரத்திலும் எடுத்து வையுங்கள். பாடநூல் அத்தியாயங்களை அப்படியே ஸ்கேன் செய்து போட்டிருந்தால் அவற்றை எடுத்துவிட்டு நூலக லிங்கைக் கொடுங்கள்.

வருகை கார்த்திகை, மார்கழிப் பக்கம் என்றால் மழையையும் மின்வெட்டையும் கணக்கில் எடுங்கள். முக்கிய பக்கங்களின் திரைப்பதிவும் கோப்புகளின் நகலும் ஒரு பென் டிரைவில் இருக்கட்டும், கூடவே வேறொரு நிறுவனத்தின் டொங்கிள் ஒன்று. குழுவோடு உட்கார வேண்டியவர் பீடாதிபதி அல்ல, மூடிலில் கை ஓடும் ஒருவர். கேட்டதைத் திறந்து காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கத் தெரிந்தவராகவும் இருந்தால் நல்லது.

குழு புறப்பட்ட அன்றே அந்த லொகினை மூடிவிடாதீர்கள். அறிக்கை எழுதும்போது ஏதாவது ஒன்றைத் திரும்பப் பார்க்க விரும்புவார்கள். எந்தத் திகதி வரை திறந்திருக்கும் என்பதைக் குழுத் தலைவரோடு பேசி முடிவு செய்து, அந்த நாளில் மூடச் சொல்லி நிர்வாகிக்கு இப்போதே எழுதி வையுங்கள்.